அமைச்சர் செம்பரிதி கால்பந்து ஆடிய எட்டு நாட்கள்

அமைச்சர் செம்பரிதி எங்கள் கரி கிரவுண்டில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பத்தொன்பது வயதுக்குப் போன வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சங்கிலிக்குப்பத்தின் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் நானூற்றுப் பன்னிரண்டு விதமாகச் சொல்வார்கள், சொல்லட்டும், அதில் எனக்கு வழக்கில்லை, ஆனால் அவர் எப்படித் திரும்பி வந்தார் என்பதையும் ஆளாளுக்கு மாற்றிச் சொல்கிறார்கள், அவரே மனசு இரங்கி வந்தார் என்கிறார்கள், தியாகம் என்று சுவரொட்டியே ஒட்டிவிட்டார்கள், அங்கேதான் எனக்குச் சண்டை, ஏனென்றால் அவர் இரங்கி வரவில்லை, நான் கேட்டேன், அதனால் வந்தார்.

எங்கள் பகுதி கால்வாய்க்கும் சரக்கு ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ நிலக்கரி கொட்டிவைத்த மேட்டைச் சமப்படுத்தியதுதான் கிரவுண்டு, அதில் ஆடியவன் குதிகாலில் ஏறிய கறுப்பு எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, அதை வைத்தே நகரத்தில் எந்த மூலையிலும் எங்கள் ஆளை எங்கள் ஆள் கண்டுகொள்வான். அந்தக் கிரவுண்டுக்கு ஒரு பெயர்ப் புத்தகம் உண்டு. செருப்பில்லாத காலோடு கோட்டைத் தாண்டிப் பந்தைத் தொட்டவன் யாராக இருந்தாலும் ஆட்டக்காரன், அவன் பெயரை எழுதியே ஆகவேண்டும், எழுதிய பெயரை அவன் செத்தால்தான் அடிக்க வேண்டும். சிறப்பு விருந்தினர்கள் எப்போதும் ஷூ காலோடு கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உதைத்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள், அதனால் அவர்கள் யார் பெயரும் புத்தகத்தில் ஏறியதில்லை.

போட்டியைத் தொடங்கிவைக்க வந்த செம்பரிதி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். பெயர்ப் புத்தகத்தை வைத்திருக்கும் டோமினிக் அண்ணன் ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணால் பார்த்ததை எழுதாமல் விட அவர் கை சம்மதிக்காது, ஆகவே எழுதப் போனார், எழுதப் போனவர் இந்த ஆள் ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறார் என்று கண்டார். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பக்கத்தில், அரசியலுக்குப் போகுமுன் இருந்த பெயரில், ம. ஏகாம்பரம், நடு முன்வரிசை, வயது பத்தொன்பது. பழைய பதிவு இருந்தால் அதை அப்படியே இறக்கி எழுதுவதுதான் வழக்கம், அண்ணன் அப்படியே இறக்கி எழுதினார், வயதையும் சேர்த்து.

அமைச்சர் பந்தை உதைத்தார். பந்தின் பின்னால் ஓடினார். கிரவுண்டின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது.

"அண்ணே, வயசை மாத்தி எழுதிட்டீங்க போல," என்று கேப்டன் தாமு சொன்னதாகவும், "மாத்தலடா, இருந்ததைத்தான் எழுதுனேன்," என்று டோமினிக் அண்ணன் சொன்னதாகவும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்து ஆட்டம் தொடங்கியதாகவும் என் அம்மா வந்து சொன்னாள். நான் அப்போது வீட்டில் இருந்தேன். அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறேன், பந்து விளையாட்டு எனக்குப் பிடிக்காது, இருபத்திரண்டு பேர் ஒரே ஒரு பொருளுக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்க நான் சட்டசபைக்குப் போய்க்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உதைத்து முடித்ததும் அமைச்சர் எங்கள் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும்.

அது என்ன கோப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், வீட்டையெல்லாம் இடித்துவிட்டு எங்களை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்கு மாடியில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள். நீதிமன்றத் தடை அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் இந்த நிலம் குடியிருப்பவர்களுக்கே என்ற உத்தரவில் அமைச்சர் கையெழுத்துப் போட்டு, அது நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பட்டா, சேராவிட்டால் புல்டோசர். இரண்டு வருடம் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, நடையாய் நடந்து, அந்தக் கோப்பை அவர் கார் வரை கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கார் நின்றது. கோப்பு காரில் இருந்தது. அமைச்சர் இடது ஓரத்தில் பந்தோடு போய்க்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அவருடைய உதவியாளர் வரதராஜுலு, முப்பது வருடமாக அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர், துண்டை நீட்டி, "அய்யா, வண்டி ரெடி," என்றார். மீசை முளைத்தும் முளைக்காத முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எத்தினி மணிக்கு மேட்ச்?" என்று கேட்டார் அய்யா.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மழை வந்தால் குடையை எடுத்துக்கொள்வதைப் போல எடுத்துக்கொண்டது. அவர் தாமு வீட்டில் தங்கினார். அவரோடு ஆடிய பழைய ஆட்கள், பல் போனவர்களும் பைபாஸ் ஆனவர்களும், வந்து "இன்னா மச்சான் ஏகா" என்று தோளில் கை போட்டார்கள், அவர்களுடைய பேரன்களும் அதே தோளில் கை போட்டு "ஏகா ப்ரோ" என்றார்கள், கட்சிக்காரர்களுக்குத்தான் கஷ்டம், தலைவரே என்று தொடங்கித் தம்பி என்று முடித்தார்கள். இரண்டாம் நாள் கோட்டுக்கு வெளியே மேசை போட்டு மனு வாங்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் பத்தாம் நம்பர் சட்டையில் அவருக்கு நாற்பதடி கட்அவுட் எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர், கார்னர் கிக்கில் அமைச்சர் அதிகார துஷ்பிரயோகம் செய்கிறார் என்று அறிக்கை விட்டார். சரக்கு ரயில் ஓட்டுநர்கள் பச்சை சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு ஏணிப்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள், தொண்ணூறு நிமிடம் நகரத்துக்குள் ஒரு சரக்கும் போகவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இடிப்பதற்கான சிவப்பு எண் போட வந்தவர்கள் பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஆட்டம் பார்க்கப் போனார்கள், திரும்பி வந்தபோது பெயின்ட் காய்ந்திருந்தது.

அவர் ஆடுவதைப் பார்த்தவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான். அவர் ஓடுவது தெரியாது, இருந்த இடத்தில் இல்லாமல் போவதுதான் தெரியும். மறந்துபோன பெயர் திடீரென்று நாக்குக்கு வருமே, அப்படிப் பந்து அவர் காலுக்கு வந்தது. அவரைத் தடுக்கப் போனவன் தடுக்காமல் நின்று, தான் எதற்கு நிற்கிறோம் என்பதே தெரியாமல் சிரித்தான். அவர் ஆடும்போது கால்வாய் நாற்றமடிக்க மறந்தது, இதை நானே வீட்டுக்குள்ளிருந்து கவனித்தேன்.

இரண்டாம் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. யாரோ ஒரு பழைய தலைவர் இறந்ததற்கு இரங்கல் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது, வரதராஜுலு சார் பேனாவைக் கொடுத்தார், அமைச்சர் 'ம' என்று முதலெழுத்தைப் போட்டதுமே கன்னத்தில் தாடி வந்துவிட்டது, முழங்கால் வீங்கிவிட்டது. பேனாவைத் தணலைப் போலக் கீழே போட்டார். மறுநாள் ஆட்டத்தில் பந்தைத் தொட்ட பிறகுதான் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் கொல்கத்தாவில் இருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் ஒப்பந்தத்தோடு வந்தார், அதில் அவர் ஏகாம்பரம் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டார், ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆக, ஏகாம்பரம் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடலாம், செம்பரிதி போட்டால் தீர்ந்தது.

அந்த ஐந்தாம் நாள்தான் கூட்டத்தின் முன்னால் சொல்லிவிட்டார். "நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே கிளப்பு என்னைக் கூப்பிட்டுச்சு. அதே வாரம் போராட்டம். ரோட்டோரம் நின்னுக்கினு இருந்தேன், யாரோ கொடியைக் கையில குடுத்தாங்க, ஜெயிலுக்குப் போனேன், பேரை மாத்துனாங்க, அப்பால எறங்கவே வுடல. இந்தத் தபா நான் ஃபுட்பால்தான். ஃபைனல் ஆடிட்டு வண்டியேறிடுவேன்."

விசிலடித்தார்கள். என் அம்மா விசிலடித்தாள்.

நான் வரதராஜுலு சாரிடம் போனேன். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார். "சார், சட்டமன்ற உறுப்பினருக்கு இருபத்தஞ்சு வயசு ஆகியிருக்கணும். அரசியல் சட்டம் நூத்தி எழுபத்து மூணு. பத்தொம்போது வயசுல இவர் போடற கையெழுத்து செல்லுமா?"

"அதை நானும் யோசிச்சேன் பாப்பா. ஆரம்பிக்கும்போது பத்தொம்போது. முடிக்கும்போது அறுபத்து நாலு ஆயிடும் இல்ல?"

"பாதிக் கையெழுத்து கையெழுத்தே இல்ல. முடிக்கிற வயசுதான் கணக்கு. செல்லும்."

"செல்லும்," என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "ஆனா யாரு கேக்கறது?" என்றார்.

யார் கேட்பது என்று முடிவு செய்யத்தான் ஆறாம் நாள் மாலை, அரையிறுதி முடிந்த கையோடு, கிரவுண்டிலேயே ஊர்க்கூட்டம் போட்டோம். வீட்டுக்கு ஒரு கை. நான் எழுந்து நின்று பேசினேன், நன்றாகவே பேசினேன், ஒரு மனிதரின் ஆசைக்கு நானூற்றுப் பன்னிரண்டு வீடு விலையா, அவர் என்ன சாமியா, நம் வேலைக்காரர், ஓட்டுப் போட்டு வைத்தவர்கள் நாம், வேலையை முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கேட்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது என் கையையும் இன்னும் பதினோரு கையையும் தவிர ஒரு கையும் எழவில்லை. வேண்டாம் என்பவர்கள் என்றதும் கிரவுண்டே கையாகிவிட்டது. அதில் என் அம்மா கஸ்தூரியின் கையும் இருந்தது. வீட்டுக்கு ஒரு கை என்ற விதியை அவள் அங்கேயே மீறினாள்.

"உனுக்கு அறிவிருக்காம்மா?" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். "அடுத்த வாரம் எங்க போய்ப் படுப்போம்? அங்கேர்ந்து உன் கம்பெனிக்கு மூணு பஸ்ஸு. என் காலேஜுக்கு நாலு."

"தெரியும்மே."

"தெரிஞ்சுமா?"

அம்மா நின்றாள். அவள் ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள், ஆட்டம் பார்ப்பதற்காக ஆறு நாளாக அரை நாள் விடுப்பு போட்டவள். "நான் பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கினேதான் இருக்கேன். தண்ணி கேட்டேன், லைட்டு கேட்டேன், கக்கூஸ் கேட்டேன். பட்டா கேட்டு எங்கப்பன் செத்தான். ஒரு தபா, ஒரே ஒரு தபா, கேக்காம ஒருத்தனுக்குக் குடுக்கணும்னு தோணுச்சு. நீ அவன் ஆடறதப் பாத்துட்டுப் பேசு."

"பாக்க மாட்டேன்."

"பாக்காத. பாத்தா நீயும் தூக்கிடுவ கையை."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. நான்கு மணி பதினெட்டு நிமிடத்துக்கு, இடைவேளையில், நான் வரதராஜுலு சாரின் மடியிலிருந்து கோப்பைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அமைச்சர் ஒரு ஓரமாக உட்கார்ந்து கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர். சாரா, தம்பியா, எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு வாரமாக யோசித்திருந்தேன், கடைசியில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"கையெழுத்து வேணும்."

கோப்பைப் பார்த்தார். என்ன கோப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "கேக்க வேணாம்னு ஊரு முடிவு பண்ணிச்சாமே?"

"பண்ணிச்சு. நான் அதுக்குக் கை தூக்கல."

"நீ இன்னா படிக்கிற?"

"அரசியல்."

"அய்யய்யே."

"சிரிக்காதீங்க. ஃபுட்பாலை விட்டுட்டுப் போனது உங்க இஷ்டம், அது எங்க தப்பில்ல."

"இஷ்டமா? என்னை யாரும்மே கேட்டாங்க? பத்தொம்போது வயசு. நீ வரியான்னு ஒருத்தன் கேக்கல. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன், இல்ல சரின்னு சொல்லியிருப்பேன், ஏதோ ஒண்ணு நான் சொன்னதா இருந்திருக்கும்."

"நான் கேக்கறேன்." கோப்பை அவர் முன்னால் பிடித்தேன். "கொடியைக் கையில திணிக்கல. கேக்கறேன். நீ மாட்டேன்னும் சொல்லலாம்." அப்போதுதான் நீ என்று சொல்லிவிட்டதைக் கவனித்தேன்.

அவரும் கவனித்தார். கமலாச் சுளையில் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கிரவுண்டு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் குடுப்பியா?"

மணி நான்கு இருபத்தொன்று. நீதிமன்ற அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். "பத்தே நிமிஷம்," என்றேன்.

அந்தப் பத்து நிமிடத்தையும் நான் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது, கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு முதல் பந்து அவருக்கு வந்தபோது, இத்தனை நாள் இதை ஏன் பொருள் என்று சொன்னேன் என்று தோன்றியது. ஒன்பதாம் நிமிடத்தில் எங்கள் கோல்கம்பத்துக்கு அருகிலிருந்து புறப்பட்டார், ஒருவர், இருவர், நால்வர் என்று அவர் முன்னால் வந்தார்கள், வந்தவர்கள் தாமே வழியாக மாறினார்கள், கரித்தூள் அவர் பின்னால் எழுந்து எழுந்த இடத்திலேயே நின்றது, தண்டவாளத்தில் வண்டி தாளம் தட்டுவதை நிறுத்தியது, ஐந்தாயிரம் பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள், இழுத்த மூச்சை விடும் வரை உலகத்தில் யாருக்கும் வயதாகவில்லை, யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, பந்து வலைக்குள் போய் வெகுநேரம் கழித்துத்தான் போனது என்று எங்களுக்குத் தெரிந்தது. எதிரணி கோல்கீப்பர் பந்தை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டான். என் கையில் இருந்த கோப்பு தாழ்ந்து தாழ்ந்து முழங்காலுக்குப் போயிருந்தது. வேண்டாம், போய்விடு, என்று நான் சொல்லியிருப்பேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நடந்து வந்துவிட்டார்.

"எங்க போடணும்?"

மேசை இல்லை. நான் குனிந்து முதுகைக் கொடுத்தேன். கோப்பை என் முதுகில் விரித்துப் பேனாவை ஊன்றினார். ஆகவே ஊரே பார்த்ததை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது கரி அப்பிய இரண்டு கால்கள் மட்டும்தான்.

முதுகில் 'ம' அழுந்தியது, கணுக்காலில் தடியடியின் தழும்பு ஒன்று எழுந்தது. 'செ' என்றபோது சிறைத் தரையின் வெடிப்புகள் குதிகாலில் ஓடின. 'ம்' வைத்தார், கால்விரல் நகங்கள் தடித்துப் பழுத்தன. 'ப' என்று எழுதும்போது புறங்காலில் நரம்புகள் புடைத்துக்கொண்டன, நாற்பது வருட மேடைகளில் நின்ற நரம்புகள். 'ரி'யில் வலது முழங்கால் வீங்கிப் பருத்தது. அங்கே பேனா நின்றது. நிற்கட்டும் என்று இருந்தேன். தலைக்கு மேலே அவர் மூச்சு கிரவுண்டின் பக்கம் திரும்பியதை உணர்ந்தேன். 'தி' மெதுவாக வந்தது, சுழி ஒவ்வொன்றாக, என் முதுகெலும்பில்.

வரதராஜுலு சார் கோப்போடு மோட்டார் சைக்கிளில் பாய்ந்தார், நான்கு ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது, நானூற்றுப் பன்னிரண்டு வீடும் இன்றைக்கும் நிற்கின்றன. அவருக்குப் பதிலாகத் தாமு யாரையும் இறக்கவில்லை. மீதி ஆட்டத்தைப் பத்துப் பேராகவே ஆடினார்கள், நடு முன்வரிசையில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது, எதிரணியும் அந்த இடத்தின் வழியாகப் பந்தைக் கொண்டுபோகவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் நிமிர்ந்தபோது அறுபத்து நாலு வயது மனிதர் ஒருவர் தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தனக்குச் சின்னதாக இருந்த பத்தாம் நம்பர் சட்டையைக் குழப்பத்தோடு தடவிப் பார்த்தார். அந்த எட்டு நாட்களும் அவரிடம் இல்லை. கையெழுத்தில் போயிருந்தன. கூட்டம் அதைப் புரிந்துகொண்டு அசையாமல் நின்றது.

"கை குடும்மா," என்றார். கொடுத்தேன். தோளில் சாய்ந்து எழுந்தார், அவ்வளவு கனம். பலகையைப் பார்த்தார். சங்கிலிக்குப்பம் ஒன்று, எதிரணி சைபர்.

"நம்ம பசங்களா? யாரு போட்டது?"

"பத்தாம் நம்பர்," என்றேன்.

"எங்க அவன்? ஒரு மாலை போடணுமே."

"கிளம்பிட்டான் சார்."

"அடடா." காரைப் பார்த்து ஓர் அடி வைத்தார், முழங்கால் மடங்கவில்லை, என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கார் கிரவுண்டின் அந்தப் பக்கம் நின்றது, இந்தக் காலோடு போய்ச் சேர நேரமாகும். "நல்லா ஆடுனானா? நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படிப் போட்டான், சொல்லேன்."

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, எங்கள் கோல்கம்பத்துக்கு அருகில் பந்து அவனிடம் வந்து சேர்ந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.